லாரி பேக்கரும் சில பக்தர்களும்

லாரி பேக்கரைப் பற்றி நண்பர் சென்ற இதழில் எழுதியதைப் படித்தேன். கோபம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த கடிதங்களைப் படித்தபோது இன்னும் அதிகமாக வந்தது. பேக்கர் நவீனத்துவத்தின் எதிரி, கிராமத்தைக் கண்டு கண்ணீர்விட்ட ஒரு வெள்ளைக்காரப் பாதிரி மனோபாவம், ஏழைக்கு அவன் ஏழ்மையையே அழகாகச் செய்து கையில் கொடுத்தவர் என்பது நண்பரின் கட்சி. கடிதக்காரர்களோ அவரைக் காந்தியவாதி, மகான், எளிமையின் அவதாரம் என்று சொல்லி மாலை போட்டுவிட்டார்கள். ஒருவர் கல்லெறிகிறார், மற்றவர்கள் பூ எறிகிறார்கள். அந்த மனிதர் ஒரு கட்டிடக் கலைஞர், அவரைப் பற்றிப் பேசுவதென்றால் சுவரையும் கூரையையும் பற்றிப் பேச வேண்டும் என்ற பிரக்ஞை இரண்டு தரப்புக்கும் இல்லை.

முதலில் பாதிரி விஷயம். லாரன்ஸ் வில்ஃப்ரெட் பேக்கர் (பிறப்பு 1917, பர்மிங்ஹாம்) குவேக்கர் நெறியைத் தழுவியவர். இங்கிலாந்துக் குவேக்கர்களுக்குப் பாதிரியே கிடையாது. கூடி உட்கார்ந்து மௌனமாக இருப்பதுதான் அவர்கள் வழிபாடு. நண்பர் வசைக்கு ஆசைப்பட்டு விவரத்தைக் கோட்டைவிட்டார். போர்க்காலத்தில் துப்பாக்கி எடுக்க மறுத்து, நண்பர்கள் ஆம்புலன்ஸ் குழுவோடு சீனாவுக்குப் போனவர் பேக்கர். திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். 1945-ல் தொழுநோய் மிஷனுக்கான கட்டிடக் கலைஞராக இந்தியாவுக்கு வந்தார். அப்போதுதான் தொழுநோய்க்குப் புதிய மருந்துகள் வரத் தொடங்கியிருந்தன. நோயாளியைச் சாகும்வரை அடைத்துவைக்கக் கட்டப்பட்ட விடுதிகளை, குணப்படுத்தி அனுப்பும் ஆஸ்பத்திரிகளாக மாற்ற வேண்டியிருந்தது. அவருடைய முதல் இந்திய வேலை இதுதான். இதில் கண்ணீர் எங்கே இருக்கிறது? ஒரு கட்டிடத்தின் உபயோகம் மாறும்போது அதன் உருவம் எப்படி மாற வேண்டும் என்ற கேள்வி இருக்கிறது. இதைவிட நவீனமான கேள்வி எது என்று நண்பர்தான் சொல்ல வேண்டும்.

பேக்கர் பர்மிங்ஹாம் கட்டிடக்கலைப் பள்ளியில் படிப்பை முடித்தது 1937-ல். அதே வருடம், பக்கத்து ஊரான டட்லியில், லுபெட்கினின் டெக்டன் குழு கட்டிய மிருகக்காட்சிசாலை திறக்கப்பட்டது. அலை அலையாக வளைந்த அதன் கான்கிரீட் நுழைவாயிலை இன்றும் பாடப்புத்தகங்களில் பார்க்கலாம். லண்டனில் மாக்ஸ்வெல் ஃப்ரை வெள்ளைச் சுவரும் நீளச் ஜன்னலுமாக வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார். ஜெர்மனியிலிருந்து ஓடிவந்த குரோப்பியஸ் அவரோடு கொஞ்ச காலம் சேர்ந்து வேலை செய்தார். ஆங்கில நவீனத்துவம் தன் பால்பருவத்தில் இருந்த அந்த வருஷங்களில் படித்து வெளியே வந்த ஆள் பேக்கர். அது தெரியாமல் கிராமத்துக்கு ஓடிப்போனவர் அல்ல.

அந்த நவீனத்துவத்தின் அடிப்படைச் சூத்திரம் என்ன? வேலை செய்யாததை எடுத்துவிடு. பொருளை அதுவாகவே காட்டு. நம்மவர்கள் ஆங்கில இலக்கிய வகுப்பில் (நானும் அதே வகுப்பில் உட்கார்ந்தவன்தான்) பவுண்டையும் எலியட்டையும் படித்து மனப்பாடம் செய்துகொண்டதும் இதைத்தான். இதைப் பேக்கர் எப்படிச் செய்தார் என்று பார்க்கலாம். கொஞ்சம் கொத்தனார் பாஷை வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கான்கிரீட் அமுக்குவிசையைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஒரு தளம் பாரத்தால் வளையும்போது அதன் மேல்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. கீழே இழுவையை வாங்கிக்கொள்வது கம்பி. அப்படியானால் கம்பியைப் பிடித்துக்கொள்ளத் தேவையான அளவு போக, கீழ்ப்பாதியில் கிடக்கும் கான்கிரீட் என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. தன் பாரத்தைத் தானே சுமக்கிறது. அதைச் சுமக்க மேற்கொண்டு கம்பி கேட்கிறது. பேக்கர் அந்த இடத்தில், கம்பிக் கட்டங்களின் நடுவே, பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாக வைத்துக் கான்கிரீட் போட்டார். சிமென்டும் குறைந்தது, கம்பியும் குறைந்தது, தளமும் லேசாயிற்று. சுவரிலும் இதே கணக்கு. செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டு அடுக்கினார். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர். சுவரின் கனம் குறையாமல் கால்பங்கு செங்கல் மிச்சம். பொந்துக்குள் நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கிறது. பூச்சு கிடையாது, ஏனென்றால் செங்கல் நன்றாக அடுக்கப்பட்டிருந்தால் மூடவேண்டிய அவசியம் இல்லை. மோசமாக அடுக்கப்பட்டிருந்தால் அது கண்ணில் படட்டும்.

நம் கவிதைகளில் கீழ்ப்பாதிக் கான்கிரீட்டாகக் கிடக்கும் அடைமொழிகளை ஒருநாள் யாராவது எண்ணிப்பார்க்க வேண்டும். எதுகை மோனையைத் தூக்கியெறிந்தோம், சரி. எறிந்த இடத்தில் 'வெறுமை', 'இருள்', 'சூன்யம்' என்று ஒரு புதுப்பூச்சு பூசிக்கொண்டோம். அதன் கீழே செங்கல் எப்படி அடுக்கியிருக்கிறது என்று வெளியே தெரியாது. இப்படிப்பட்ட நமக்குப் பேக்கரை நவீனத்துவத்துக்கு வெளியே நிறுத்த என்ன யோக்கியதை?

நண்பருக்கு நவீனத்துவம் என்றால் சண்டிகர். நல்லது, அதையும் பார்ப்போம். 1951-ல் லெ கார்பூசியே வந்தார். கூடவே அதே மாக்ஸ்வெல் ஃப்ரையும் அவர் மனைவி ஜேன் ட்ரூவும் வந்தார்கள். மூன்று வருஷம் தங்கி, பியர் ஜான்னரேயோடு சேர்ந்து, சர்க்கார் சிப்பந்திகளுக்கான வீடுகளைக் கட்டினார்கள். அவர்களைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. பெரும்பாலும் செங்கல்லில்தான் கட்டினார்கள், வெயிலை யோசித்தார்கள், வெப்பநாட்டுக் கிராம வீடுகளைப் பற்றி 1947-லேயே புத்தகம் போட்டவர்கள். ஆனால் அந்த வீடுகள் பியூன் முதல் மந்திரி வரை பதவிவாரியாக வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கட்டப்பட்டவை. வரைபடம் மேஜையில் முடிந்தது, ஆள் பிறகு குடிவந்தான். அதே வருஷங்களில், இமயமலைத் தொடரில் பித்தோராகட் பக்கம் பேக்கர் தன் டாக்டர் மனைவி எலிசபெத்தோடு ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டு, மலைவாசிகள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் எப்படிப் பொருத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வருஷம். பர்மிங்ஹாமிலிருந்து கொண்டுவந்த கையேடுகளில் சாணம் பற்றியும் கரையான் பற்றியும் ஒருவரிகூட இல்லை. படித்ததைத் தூக்கியெறிந்தார் என்று பக்தர்கள் சொல்வார்கள். பொய். படித்த கேள்வியை வைத்துக்கொண்டார், பதிலை மட்டும் உள்ளூர்க் கொத்தனாரிடம் கேட்டார். 1963-ல் கேரளத்துக்கு வந்து, அந்தத் தசாப்தத்தின் முடிவில் திருவனந்தபுரத்தில் குடியேறி, அச்சுத மேனன் முதல்வராகவும் கே. என். ராஜ் துணையாகவும் அமைந்த காலத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் கட்டியபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதற்குள் அவரிடம் ஒரு முறைமை உருவாகிவிட்டிருந்தது. காண்டிராக்டர் இல்லை, பயன்படுத்திய காகிதத்தின் பின்புறத்தில் படம், இடத்தில் நின்றுகொண்டே மாற்றங்கள். தம்பானூர் காப்பிக் கடையில் மேலேறிச் சுழலும் செங்கல் உருளைக்குள் உட்கார்ந்து காப்பி குடித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 'எளிமை' என்ற சொல் அந்தக் கட்டிடத்துக்குப் பொருந்தாது. அது ஒரு குறும்பு. கணக்குத் தப்பாத குறும்பு.

'மலிவு வீடு' என்ற பட்டத்தைப் பேக்கர் ஏற்றுக்கொண்டதில்லை. மலிவு முறை ஏழைக்கு, மற்றது பணக்காரனுக்கு என்று இரண்டு நியாயம் இருக்கக்கூடாது என்பது அவர் நிலை. அதிகாரிகளுக்கும் பேராசிரியர்களுக்கும் அதே பூசாத செங்கல்லில்தான் கட்டிக்கொடுத்தார், தன் வீட்டையும் அப்படியேதான் கட்டினார். ஏழைக்கு ஏழ்மையைக் கொடுத்தவர் என்ற குற்றச்சாட்டு இங்கே விழுந்துவிடுகிறது.

ஆனால் முழுசாக விழுந்துவிடவில்லை. நண்பர் தவறான காரணத்துக்காகத் தட்டிய ஒரு கதவு உண்மையிலேயே திறக்க வேண்டிய கதவு. அதற்கு நான் வேலை பார்க்கும் இந்தக் கடற்கரைக்கு வரவேண்டும்.

ராமநாதபுரத்தில் ஒரு வங்கியில் குமாஸ்தா நான். வீட்டுக்கடன் மனுக்கள் என் மேஜை வழியாகத்தான் போகின்றன. கூரை என்ன வகை என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஓலை என்று எழுதினால் வீட்டுக்கு மதிப்பு பூஜ்யம், மனைக்கு மட்டும்தான் விலை. ஓடு என்றால் மதிப்பீட்டாளர் முகம் சுளிப்பார். தளம் போட்டிருந்தால்தான் அது வீடு. சர்க்காரும் இதே அகராதியைத்தான் வைத்திருக்கிறது. 2010-ல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவோம் என்று ஒரு திட்டம். 2011-ல் ஆட்சி மாறியது. சூரிய விளக்கு வைத்த 300 சதுர அடிப் பசுமை வீடு வந்தது, கூரை கான்கிரீட். மறுபடி ஆட்சி மாறி, 2024-ல் வந்த கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி, அதில் 300-க்குக் கான்கிரீட் தளம் கட்டாயம். கட்சிக்குக் கட்சி எல்லாம் மாறும், தளம் மட்டும் மாறாது.

இதைப் படித்ததும் பேக்கர் பக்தர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று தெரியும். பனையோலை எவ்வளவு குளுமை, விடிலியில் படுத்தால் என்ன சுகம் என்று ஆரம்பிப்பார்கள். தங்கச்சிமடம் பக்கத்து மீனவர் ஒருவரிடம் நானே ஒருநாள் அப்படிப் பேச்சுக் கொடுத்தேன். "தளம் போட்டா வெக்கை தாங்காதே அண்ணே" என்றேன். அவர் கேட்டார்: "சார், நீங்க குடியிருக்குறது எதுல?" கான்கிரீட்தான் என்றேன். "பெறகு எங்களுக்கு மட்டும் என்னத்துக்கு ஓலை?" பிறகு அறுபத்திநாலைப் பற்றிச் சொன்னார். அவர் அப்போது பிறக்கவில்லை. ஆனால் அந்தக் கரையில் யாரும் அதைப் பிறக்காதவர்களாகப் பேசுவதில்லை.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் எடுத்தது. பாம்பனிலிருந்து போன ரயில் ஆட்களோடு போயிற்று. குடிசைகளின் தடம்கூட மிஞ்சவில்லை. மாதா கோயிலின் சுவரும் ஸ்டேஷனின் மிச்சமும் நிற்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நின்றது எது, போனது எது என்று அந்த ஜனங்கள் அறுபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் வெந்து செத்ததும் கீற்றுக் கூரை பற்றியதால்தான். ஓலையின் அழகியலைப் பேசுகிறவன் இந்த இரண்டு தேதிகளையும் மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். தளம் போட்ட வீடு அந்த மீனவருக்கு மோஸ்தர் அல்ல, பயத்துக்கு அவர் கண்ட பதில்.

இனி, பக்தர்கள் அடிக்கடி எடுத்துப்போடும் அந்த 'ஐந்து மைல்'. நல்ல வீடு என்பது அது நிற்கும் இடத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளால் கட்டப்பட்டது என்று காந்தி சொன்னதாகப் பேக்கர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். சரி, ராமேஸ்வரம் தீவில் ஐந்து மைலுக்குள் என்ன கிடைக்கிறது? மணல், பனை, முருகைக்கல். தனுஷ்கோடி மாதா கோயிலின் சுவர் முருகைக்கல்தான். அதை வெட்டித்தான் வீடு கட்டினார்கள், அதைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இன்று கடலுக்கடியில். பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததன் விளைவு அது. 1986-ல் அந்தத் தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. 2001-ல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போயிற்று. இன்று அதைத் தொட்டால் வழக்கு. பனையை வெட்டுவதற்கும் கலெக்டர் அனுமதி வேண்டும், 2021-லிருந்து. அது நியாயமும்கூட. ஆக, காந்தியின் வாக்கை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் இங்கே அது கடலை உடைத்து வீடு கட்டுவதில் போய் முடியும். (சேதுபதிகள் இந்த விதியைக் கேட்டிருந்தால் ராமேஸ்வரம் பிரகாரமே இல்லை. அந்தத் தூண்களுக்கான கருங்கல் தீவில் கிடையாது.)

செங்கல்லாவது? பேக்கரின் கேரளத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை. களிமண், செம்பாறாங்கல், காற்றோட்டமே பிரதான தேவை. இங்கே மழை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நல்ல செங்கல் வைகைப் பக்கத்துக் காளவாசல்களிலிருந்து லாரி ஏறி வருகிறது. மணலிலும் உப்பு, தண்ணீரிலும் உப்பு, காற்றிலும் உப்பு. பூசாத செங்கல் சுவர் இந்தக் கரையில் உப்புப் பூத்து உதிரும். பேக்கரின் உருவத்தை அப்படியே தூக்கிவந்து மண்டபத்தில் வைத்தால், அது பெட்டி வீட்டைவிடக் கேவலமாக இருக்கும்.

கான்கிரீட்டும் இங்கே ஜெயிக்கவில்லை என்பதுதான் விஷயம். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளேயிருந்து வீங்கிக் கான்கிரீட்டைப் பிளக்கும். கடலோரத் தெருக்களில் நடந்தால் பார்க்கலாம்: தளத்தின் அடிக்காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து, துருவேறிய கம்பி விலா எலும்பு மாதிரித் தெரியும். கடன் முடிவதற்கு முன்பே கூரை முடிந்துவிட்ட வீடுகள் உண்டு. கம்பிக்கு வெளியே விடவேண்டிய மூடுகனத்தை அரை அங்குலம் சேர்த்து விட்டிருந்தால், நல்ல தண்ணீரில் கலந்திருந்தால், வாரக்கணக்கில் நனைத்திருந்தால் இன்னும் முப்பது வருஷம் நிற்கும். ஆனால் ஃபைலில் 'தளம் உண்டா, இல்லையா' என்றுதான் கேட்கிறார்கள். 'எப்படிப் போட்டாய்?' என்று கேட்க ஆள் இல்லை. பிரான்ஸ்காரர் கையிலிருந்த புதுச்சேரியில், 1930களின் இறுதியில், ஆன்டனின் ரேமண்ட் வரைந்த கோல்கொண்டா விடுதியைக் கான்கிரீட்டில் கட்டத் தொடங்கினார்கள். அவசரப்படாமல், வருஷக்கணக்கில் கட்டினார்கள். கடலுக்கு அருகிலேயே, மின்விசிறி இல்லாமல், இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஆகவே குற்றவாளி கான்கிரீட் அல்ல.

பேக்கரிடமிருந்து இந்தக் கரை எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டென்றால் அது பூந்துறை. எழுபதுகளின் நடுவில், திருவனந்தபுரத்தை ஒட்டிய அந்த மீனவக் குப்பத்தில் அவர் வீடுகள் கட்டினார். புயல் அடிக்கும் கரை. காற்றை எதிர்த்து நிற்கிற கனத்த சுவர் எழுப்புவது ஒரு வழி. அவர் வேறு யோசித்தார்: தாழ்வாகச் சரிந்து இறங்கும் கூரை, இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜாலிச் சுவர்கள், காற்று உள்ளே வந்து மறுபக்கம் போய்விட வழி. வீடுகளை நேர்வரிசையில் நிறுத்தாமல் ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி வைத்தார். எல்லா வீட்டுக்கும் கடல் தெரியும், வலை உலர்த்த முற்றம் கிடைக்கும். இங்கே 'ஜாலி' அலங்காரம் அல்ல, புயலோடு செய்துகொண்ட ஒரு பேரம். அந்த மீனவனின் பயத்தை அவர் மறுக்கவில்லை, அதற்குக் கான்கிரீட் பெட்டி அல்லாத ஒரு பதிலை வரைந்து காட்டினார்.

அந்த ஜாலி இன்று எங்கே இருக்கிறது? கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ரிஸார்ட்டுகளில். ஜாலிக்குப் பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் ஏ.ஸி. 'பேக்கர் ஸ்டைல்' என்று சொல்லி, பூசிய சுவர்மேல் செங்கல் நிறத்தில் ஓடு ஒட்டுகிறார்கள். ஒரு முறைமையை உருவமாகச் சுருக்கி, உருவத்தை மோஸ்தராக விற்கிற வியாபாரம். காம்யுவையும் காஃப்காவையும் வைத்து நாம் நடத்திய அதே வியாபாரம். நம்மிடம் வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பேக்கர் இங்கே வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கடிதக்காரர்களில் ஒருவர் உருகியிருக்கிறார். அவர் 2007 ஏப்ரல் முதல் தேதி இறந்துவிட்டார். எண்பதுகளின் இறுதியில்தான் இந்தியக் குடியுரிமை கிடைத்தது, அப்போதே எழுபது வயது தாண்டியாயிற்று. எல்லாக் கரைக்கும் அவரே வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது, நாம் செய்யவேண்டிய வேலையை ஒரு படத்தின்முன் வைத்துக் கும்பிடுவது. கண்மாய்க் களிமண்ணைக் கொஞ்சம் சுண்ணாம்போ சிமென்டோ சேர்த்து அழுத்திக் கல்லாக்கினால் உப்புக்கு எத்தனை வருஷம் தாங்கும், சூளைக்குச் சீமைக்கருவேலம் எரிப்பது லாபமா நஷ்டமா, தளத்தையே சரிவாகப் போட்டால் புயலுக்கும் மழைக்கும் எது மிச்சம், ஜாலியைப் பூசி உப்பிலிருந்து காப்பாற்ற முடியுமா: இவை இந்த ஜில்லாக் கொத்தனார்களிடமும், கம்பி கட்டுகிறவர்களிடமும், பாலிடெக்னிக் வாத்தியார்களிடமும் கேட்க வேண்டிய கேள்விகள். பேக்கர் பித்தோராகட்டில் கேட்டது இந்த ரகம்தான்.

நண்பர் பதில் எழுதுவதாக இருந்தால், சண்டிகரைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த மீனவர் என்னிடம் கேட்டதிலிருந்து தொடங்கட்டும். பக்தர்களுக்கும் அதே வேண்டுகோள்தான். மதிப்பீட்டுப் படிவத்தில் கூரை பற்றிய கட்டத்தை எப்படித் திருத்தி எழுதுவது என்று யாருக்காவது யோசனை இருந்தால் இதழ் முகவரிக்கு எழுதலாம். நான் மேலே அனுப்பிவைக்கிறேன்.